குளியலறையில் பிறந்த சாலமாண்டர்கள்

கரி எஞ்சின் இழுத்த பாசஞ்சரில் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் போய்வந்த நம் வயதுக்காரர்களில் யாராவது அவளைப் பார்த்திருக்கலாம். ஜன்னலோரம், மடியில் மூடி போட்ட பிளாஸ்டிக் வாளி. மூடியில் ஆணியைக் காய்ச்சிக் குத்திய ஓட்டைகள். உள்ளே என்ன என்று கேட்டால் "மீனு" என்பாள். அவள் என் அக்கா. உள்ளே இருந்தது மீன் இல்லை.

அந்த வருஷத்தைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை. அம்மா போய்விட்டாள், மாமா போய்விட்டார், போன வருஷம் அப்பாவும் போய்விட்டார். இனி எழுதினால் சங்கடப்பட அக்கா ஒருத்திதான் மிச்சம். அவளிடம் கேட்டுவிட்டே எழுதுகிறேன். "எழுதிக்கோ. பல்லின்னு மட்டும் எழுதாத" என்றாள்.

அப்போது கடலூரில் மஞ்சக்குப்பம் மைதானத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். அப்பா அரசு அலுவலகத்தில் எழுத்தர். நான் ஐந்தாம் வகுப்பு. அக்கா சிதம்பரத்தில் தங்கி விலங்கியலில் ஆராய்ச்சிப் படிப்பு படித்துக்கொண்டிருந்தாள். அப்பா வழியிலும் அம்மா வழியிலும் அதுவரை அவ்வளவு படித்த பெண் கிடையாது. அப்பாவின் சொந்தக்காரர்கள் நெல்லும் கரும்பும் போடுகிறவர்கள். அக்கா என்ன படிக்கிறாள் என்று கேட்டால் அப்பா "உசுருங்களப் பத்தி" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார். அவருக்கும் அதற்குமேல் தெரியாது.

ஐப்பசி மழை பிடித்த சமயம் மாணவர் வேலைநிறுத்தம் வந்து, படிப்பைக் காலவரையின்றி நிறுத்தி எல்லாரையும் ஊருக்கு அனுப்பினார்கள். அக்காவுக்கு வழிகாட்டியாக இருந்த பேராசிரியர், "பார்த்துக்க ஆளில்லாமல் இங்கே செத்துப்போகும்" என்று ஆய்வுக்கூடத்தில் இருந்த பிராணிகளில் ஒரு ஜோடியை அவளிடம் கொடுத்துவிட்டார். அவள் மழையில் நனைந்துகொண்டு வாளியோடு வந்து இறங்கினாள்.

அம்மா மூடியைத் திறந்து பார்த்துவிட்டு இரண்டடி பின்னால் போனாள்.

"என்னாடி இது, பல்லியா மீனா?"

"ரெண்டும் இல்லம்மா. சாலமாண்டர்."

"அப்படின்னா?"

"தவளைக்குச் சொந்தக்காரங்கன்னு வச்சிக்கோயேன்."

"சொந்தக்காரங்கன்னா அவுங்க வீட்லயே இருக்கட்டும். இங்க எதுக்கு?"

ஒன்று வெள்ளை, ஒன்று கறுப்பு. ஒரு சாண் நீளம். மீன் வால், நான்கு குட்டிக் கால்கள், விரல்கள்கூட உண்டு. தலைக்குப் பின்னால் பக்கத்துக்கு மூன்றாகச் சிவப்புச் சிறகு மாதிரி விரிந்து நிற்கும். அதுதான் மூச்சு விடுகிற செவுள். வாய் எப்போதும் லேசாகச் சிரிக்கிற மாதிரி இருக்கும். மெக்சிகோ ஏரியில் வாழ்கிற சாதியாம். ஆக்சலாட்டில் என்று அதற்கு ஒரு முழுப் பெயர் உண்டு. எங்கள் வீட்டில் அக்கா ஒருத்திக்குத்தான் அது வாயில் நுழைந்தது.

மாடு தண்ணீர் குடிக்கிற பெரிய மண் தொட்டிகளை வாங்கிவந்து குளியலறையில் வரிசையாக வைத்தாள். மண் தொட்டியில்தான் தண்ணீர் குளிர்ச்சியாக இருக்குமாம். நாங்கள் மீதமிருந்த மூலையில் நின்று ஒடுங்கிக் குளித்தோம். குழாய்த் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் வாடை போகும்வரை அண்டாவில் பிடித்து வைப்பாள். வாழைமரத்தடியில் மண்புழு தோண்டுவது என் வேலை. வெள்ளை மெதுவாகத்தான் வரும், கண்ணே தெரியாத மாதிரி. புழு மூக்கில் இடித்ததும் 'லபக்' என்று ஒரே இழுப்பு. அம்மா முதல் வாரம் முழுக்க முகத்தைத் திருப்பிக்கொண்டு குளித்தாள். பிறகு ஒருநாள் கீரை ஆயும்போது கிடைத்த புழுவைத் தூக்கி எறியப் போனவள் யோசித்துவிட்டு, எழுந்து குளியலறைப் பக்கம் போனாள். நாங்கள் பார்க்காத மாதிரி இருந்துவிட்டோம்.

மார்கழிக் குளிரில் அக்கா இரண்டையும் ஒரே தொட்டியில் விட்டாள். கெடிலம் ஆற்றங்கரையில் பிடுங்கிய வேலம்பாசியை உள்ளே போட்டாள். மறுநாள் தொட்டியின் அடியில் வெள்ளைக் கூம்புகளாகச் சின்னச் சின்னப் பொட்டுகள் ஒட்டியிருந்தன. "இது ஆம்பள வச்சது. இனிமே பொம்பள வரணும்" என்று அம்மாவிடம் சொன்னாள். அம்மா என் காதைப் பொத்தினாள்.

அதற்கு அடுத்த நாள் காலையில் குளியலறையிலிருந்து அக்காவின் சத்தம். வழுக்கி விழுந்துவிட்டாள் என்று அப்பா பாதிச் சவரத்தோடு ஓடினார். அக்கா ஈரத் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். பாசி முழுக்க முட்டை. வேகவைத்த ஜவ்வரிசிக்குள் ஒரு கடுகை வைத்த மாதிரி, ஒவ்வொன்றாக இலை இலையாக ஒட்டியிருந்தது.

"லேப்ல ரெண்டு வருஷமா வைக்கலப்பா. இங்க வச்சிருக்குது, நம்ம வீட்ல" என்றாள்.

அப்பா சோப்பு நுரையோடு குனிந்து பார்த்தார். "பாப்பா, தாத்தா ஆயிட்டேன் போலக்குது" என்று என்னிடம் சொன்னார். அவர் விளையாட்டாகப் பேசி நான் கேட்டது மிகக் குறைவு.

கடுகு நீண்டு அரிசியாகி, அரிசிக்கு வால் முளைத்து, பொங்கலுக்கு முன்னே குஞ்சுகள் வெளியே வந்தன. கண்ணாடி மாதிரி உடம்பு. அக்காவின் லென்ஸில் பார்த்தால் நெஞ்சுக்குள் துடிப்பது தெரியும். குளத்துத் தண்ணீரைத் துணியில் வடிகட்டி, அதில் துள்ளுகிற பொடிப் பூச்சிகளைக் குஞ்சுகளுக்குப் போட வேண்டும். கொஞ்சம் வளர்ந்ததும் ஒன்றின் காலை ஒன்று கடித்துவிடும். அதனால் தனித்தனியாகப் பிரித்தாள். ஊறுகாய் பாட்டில், டம்ளர், கிண்ணம், எதுவும் பாக்கியில்லை. அப்பாவின் சவரக் கிண்ணத்தில்கூட ஒன்று நீந்தியது. கடிபட்ட கால்கள் திரும்ப முளைத்தன. முதலில் ஒரு மொட்டு, பிறகு விரல்கள். அக்காவின் ஆராய்ச்சியே அதைப் பற்றித்தான். அப்பா அலுவலகத்திலிருந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் முக்காலியைப் போட்டு அவற்றின் எதிரில் உட்கார்ந்துவிடுவார்.

"நமக்கு ஏம்மா இப்படி முளைக்க மாட்டேங்குது?"

"அதக் கண்டுபிடிக்கத்தாம்பா படிக்கிறோம்."

"கண்டுபுடிச்சிடுவீங்களா?"

"நான் இல்லன்னா எனக்கு அப்புறம் யாராவது."

தையில் படிப்பு திரும்பத் தொடங்கியது. ஆனால் ஆய்வுக்கூடத்தின் குளிர் அறை ரிப்பேராகிக் கிடந்தது. குஞ்சுகள் பிழைத்திருப்பதே பெரிது, இடம் மாற்ற வேண்டாம், வீட்டிலேயே வளர்க்கட்டும் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். அக்கா விடுதியைக் காலி செய்துவிட்டு, தினமும் ரயிலில் போய்வர ஆரம்பித்தாள்.

மாசி பிறந்ததும் வெயில் ஏறியது. கடலூர் வெயில் உங்களுக்குத் தெரியும், காலை ஒன்பது மணிக்கே தண்ணீர் வெதுவெதுப்பாகிவிடும். அந்தப் பிராணிகள் குளிர்ந்த தண்ணீரில் மட்டும் உயிர்வாழ்கிறவை. தொட்டிகளைச் சுற்றி ஈரச் சாக்கு கட்டினாள். போதவில்லை. அதனால் சாயங்காலம் சிதம்பரத்திலிருந்து திரும்பும்போது எங்கள் ஸ்டேஷனுக்கு முன்னால் வருகிற முதுநகரிலேயே இறங்கி, மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் இருந்த ஐஸ் கம்பெனியில் ஐஸ் வாங்கி, மரத்தூள் போட்டுச் சாக்கில் சுற்றி எடுத்துவருவாள். நம் கடைத்தெருவில் அந்த நேரத்துக்கு சோடாக் கடைக்காரர்கள் மிச்சம் வைத்த துண்டுதான் இருக்கும்.

ஒரு சனிக்கிழமை நானும் கூடப் போனேன். மீன் வாடை, டீசல் வாடை. பலகையில் ஆள் உயரப் பாளங்கள் வழுக்கிக்கொண்டு வந்து விழும். அங்கே மிஷின் பார்க்கிற அண்ணன் ஒருவர் இருந்தார். அக்கா பாடம் சொல்லிக்கொடுக்கிறவள் என்று நினைத்தாரோ என்னவோ, "டீச்சரம்மா" என்றுதான் கூப்பிட்டார்.

"டீச்சரம்மா, குட்டிங்கள்லாம் நல்லாருக்குதா? நேத்து வெயில் ஜாஸ்தி, நானே நெனச்சேன்."

"ஒண்ணு ரெண்டு சோர்ந்து போச்சி. மத்ததுங்க பரவால்ல."

"ஓரமா ஒரு கட்டி எடுத்து வச்சிருக்கேன். லேட்டா வந்தாலும் இருக்கும், ஓடியாறாதீங்க."

அக்கா சிரித்தாள். நான் பார்த்தது இவ்வளவுதான். மற்ற நாட்களிலும் இதற்குமேல் ஒன்றும் நடந்ததில்லை.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பண்ருட்டியிலிருந்து மாமா வந்தார். அம்மாவுக்கு அண்ணன், முந்திரி வியாபாரம். வந்தால் பொட்டலம் பொட்டலமாக முந்திரி இருக்கும், நான் வாசலுக்கே ஓடுவேன். அன்று பொட்டலமும் இல்லை, செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றவில்லை.

"மாப்ள, உன் பொண்ணு தெனம் சாயங்காலம் எங்க எறங்குதுன்னு தெரியுமா உனக்கு?"

"முதுநகர்ல. ஐஸு வாங்க."

"ஐஸ் கம்பெனி வாசல்ல ஒரு பையனோட நின்னு சிரிச்சிப் பேசிக்கினு இருக்குதாம். என் லாரி டிரைவரு பாத்துட்டு வந்து சொல்றான். எனக்கு எப்படி இருக்கும்?"

"ஐஸு வாங்கத்தான் மச்சான் போவுது. நான்தான் தெனமும் பாக்கறேனே."

"ஐஸு வருது, சரி. அதுக்கு முதுநகர் வரைக்கும் எதுக்கு? நம்ம கடைத்தெருவுல ஐஸே கெடையாதா?"

அக்கா உள்ளிருந்து வந்து, சாயங்காலம் கடைத்தெருவில் கிடைக்காது, ரயில் அந்த வழியாகத்தான் வருகிறது, தண்ணீர் சூடானால் குஞ்சுகள் செத்துவிடும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். சொல்லச் சொல்ல அது பொய் மாதிரியே ஆகிக்கொண்டு போனது. மாமா கேட்டார், "பல்லிக்கு ஐஸு! வெளில சொன்னா சிரிக்க மாட்டான்?"

"நானும் போனேன் மாமா. அந்த அண்ணன் குட்டிங்களப் பத்தித்தான் கேட்டாரு" என்றேன்.

மாமா என்னைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்து, "இந்தப் புள்ளய எதுக்குக் கூட்டிக்கினு போன, காவலுக்கா?" என்றார். அம்மா என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டாள்.

மாமா கெட்டவர் இல்லை. இப்போது யோசித்தால், அவர் பயந்திருந்தார் என்று தெரிகிறது. எங்கள் சாதிசனத்தில் அக்கா மாதிரி ஒரு பெண் ரயிலேறித் தினமும் போய்வருவதை அதுவரை யாரும் பார்த்ததில்லை. ஏதாவது நடக்கும் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். காத்திருந்தவர்களுக்கு ஐஸ் போதுமானதாக இருந்தது.

அந்த வாரமே அக்காவை நிறுத்தினார்கள். மாமாவின் கூட்டாளி வழியில் ஒரு மாப்பிள்ளை, நெய்வேலியில் வேலை. பெண் பார்த்தார்கள், பேசி முடித்தார்கள், சித்திரையில் முகூர்த்தம். அக்கா கத்தவில்லை. அப்பா முக்காலியில் உட்கார்ந்திருந்தபோது பக்கத்தில் போய் நின்று, "ஒரு வருஷம் குடுங்கப்பா, முடிச்சிடறேன்" என்றாள்.

"கல்யாணம் ஆயி படிச்சிக்கலாம்னு அவுங்களே சொல்றாங்கம்மா" என்றார் அப்பா. அவருக்கே அதில் நம்பிக்கை இல்லை. தொட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

ஐஸ் நின்றது. குஞ்சுகளின் செவுள் வெளுத்தது. உடம்பில் பஞ்சு மாதிரிப் பூஞ்சை படர்ந்தது. காலையில் டம்ளர்களைப் பார்த்தால் மல்லாந்து மிதக்கும். அம்மா தானாகவே பானைத் தண்ணீரை ஊற்றி ஊற்றிப் பார்த்தாள். நாங்கள் வெந்நீரைக் குடித்தோம். செத்தவற்றை அக்கா வாழைமரத்தடியில், நான் மண்புழு தோண்டிய இடத்திலேயே புதைத்தாள்.

பத்திரிகை அச்சாகி வந்து, மாமாவும் அப்பாவும் இன்னும் யார் யாருக்கு வைக்க வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்த ஒரு காலை, வாசலில் சைக்கிள் மணி. ஐஸ் கம்பெனி அண்ணன். கேரியரில் சாக்கு மூட்டை, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். பின்னாலேயே, பஸ் இறங்கி, நிறைமாத வயிற்றோடு ஒரு பெண் நடந்து வந்து மூச்சு வாங்கினாள்.

"டீச்சரம்மா வீடு இதானுங்களா? ரெண்டு மூணு வாரமா வரல. ஒடம்பு சரியில்லயோ என்னமோன்னு... அந்தக் குட்டிங்க செத்துப்போயிடும்ல, அதான் எடுத்தாந்தேன்."

அந்தப் பெண் அம்மாவிடம் சொன்னாள், "தெனம் வந்து சொல்லுவாருக்கா, வெள்ளையா ஒரு மீனு இருக்குதாம், கையி காலு இருக்குதாம், வெட்னா மொளைக்குதாம்னு. எனக்கும் ஒருக்கா பாக்கணும்னு ஆசை. அதான் கூட வந்துட்டேன்."

அம்மாதான் அவளை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். அப்பா எழுந்து போய் மூட்டையைத் தானே தூக்கினார். வெள்ளை வேட்டியில் மரத்தூளும் தண்ணீரும் வழிய, குளியலறைக்குக் கொண்டுபோய் இறக்கினார். அந்தப் பெண் அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு குனிந்து வெள்ளையைப் பார்த்தாள். "சிரிக்குதுங்க!" என்று கணவரைக் கூப்பிட்டாள். அவர் வாசல்படியைத் தாண்டி வரவில்லை.

அவர்கள் போனபிறகு அக்கா கூடத்துக்கு வந்தாள். கையெல்லாம் ஐஸ் பட்டுச் சிவந்திருந்தது.

"இப்பத் தெரிஞ்சிடுச்சில்லப்பா?"

"தெரிஞ்சிடுச்சும்மா."

"அப்ப?"

அப்பா மாமாவைப் பார்த்தார். மாமா பத்திரிகைக் கட்டைப் பார்த்தார். "பாதிப் பேருக்கு வச்சாச்சு மாப்ள. இப்ப நிறுத்துனா ஏன் நிறுத்துனாங்கன்னு ஊரு கேக்கும். ஐஸு கதையச் சொல்ல முடியுமா?" என்று மெதுவாகத்தான் சொன்னார்.

அக்கா குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மிஞ்சியவற்றைப் பேராசிரியரிடம் சேர்க்க வேண்டியிருந்தது. அக்காவை அனுப்பவில்லை. அப்பா போனார், துணைக்கு நான். பெரியவை இரண்டும், பிழைத்த சில குஞ்சுகளும். வழியெல்லாம் அப்பா வாளிக்குள் விரலை விட்டுத் தண்ணீர் சூடாகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தார். எதிரில் இருந்தவர் கேட்டதற்கு, "என் பொண்ணு வளத்ததுங்க" என்றார்.

அண்ணாமலை நகரில் பேராசிரியரின் குடியிருப்பு. அவர் வாளியை வெளிச்சத்தில் வைத்து ஒவ்வொரு குஞ்சாக வெகுநேரம் பார்த்தார்.

"இந்த வெயில்ல, வீட்டுக் குளியலறையில! சார், என்கிட்ட இருக்கிற யாராலயும் இது முடியல. பொண்ணு எப்ப வருது?"

"கல்யாணம் வச்சிருக்கோம் சார். சித்திரையில."

"ஓ. சந்தோஷம்."

அப்பா காபி டம்ளரைக் கையிலேயே வைத்திருந்தார். "அது... படிப்ப விடக் கூடாது, இல்லீங்களா சார்? நீங்க என்ன சொல்றீங்க?"

பேராசிரியர் சங்கடமாகச் சிரித்தார். "அது உங்க குடும்ப விஷயம் சார். நான் என்ன சொல்றது. நல்லபடியா நடக்கட்டும்."

அன்று எனக்கு அவர் மரியாதையான மனிதராகத் தெரிந்தார். இந்த வயதில் அந்தக் காட்சியை நினைத்தால் வேறொன்று தெரிகிறது. அப்பா அங்கே போனது வாளியைக் கொடுக்க மட்டுமில்லை. யாராவது ஒரு பெரிய மனுஷர், சத்தமாக, "நிறுத்துங்கள்" என்று சொல்ல மாட்டாரா என்று கேட்கப் போயிருக்கிறார். தானாகச் சொல்ல அவருக்குத் தைரியம் இல்லை. பேராசிரியர் நாகரிகமாக ஒதுங்கிக்கொண்டார்.

சிதம்பரம் ஸ்டேஷனில் காலி வாளியோடு பெஞ்சில் உட்கார்ந்தோம். வண்டி வந்தது. அப்பா எழுந்திருக்கவில்லை. "அப்பா, வண்டி" என்றேன். கேட்காத மாதிரி இருந்தார். வண்டி போய்விட்டது. ரொம்ப நேரம் கழித்து, "பசிக்குதா பாப்பா?" என்று கேட்டு ஒரு பன் வாங்கிக் கொடுத்தார்.

கல்யாணம் நன்றாக நடந்தது. அத்தானும் நல்லவர்தான், கைநீட்டியதில்லை, குடித்ததில்லை. படிப்பு அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று போய், முதல் பிள்ளை, மாமியாருக்குப் பக்கவாதம், இரண்டாவது பிள்ளை என்று நின்றுவிட்டது. பேராசிரியரிடம் கொடுத்தவை அடுத்த கோடையில் ஒன்றுகூட மிஞ்சவில்லை என்று அக்காவின் தோழி சொன்னாள். அக்கா தெருப் பிள்ளைகளுக்கு அறிவியல் டியூஷன் எடுத்தாள். அவள் பையன் சின்னவனாக இருந்தபோது மீன்தொட்டி வேண்டும் என்று அழுது புரண்டான். என்ன கேட்டாலும் வாங்கித் தருகிறவள், அதை மட்டும் வாங்கித் தரவில்லை.

அம்மா போனபிறகு அப்பா நெய்வேலியில் அக்காவோடுதான் இருந்தார். கடைசியில் பேச்சு குறைந்துவிட்டது. ஒருநாளைக்கு இரண்டு மூன்று சொல், அதுவும் வாய் குழறி. போன வருஷம் சித்திரையில் நான் பார்க்கப் போயிருந்தேன். நல்ல மதிய வெயில். அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். அவள் தலையும் முழுக்க நரைத்திருந்தது.

அப்பா இரண்டு வாய் வாங்கினார். மூன்றாவதற்கு வாயைத் திறக்காமல் அவளையே பார்த்தார்.

"நிறுத்தியிருக்கலாம்மா" என்றார். தெளிவாக.

அக்காவின் கையில் ஸ்பூன் அப்படியே நின்றது.

"எதப்பா?" என்று கேட்டாள்.

அப்பா வெகுநேரம் அவள் முகத்தைப் பார்த்தார். உதடு இரண்டு தரம் அசைந்தது. பிறகு கண்ணை மேலே தூக்கினார்.

"ஃபேன" என்றார்.

அக்கா கிண்ணத்தை வைத்துவிட்டு எழுந்துபோய் ஃபேனை நிறுத்தினாள். அது சுற்றி ஓய்கிறவரை சுவரைப் பார்த்துக்கொண்டு சுவிட்ச் பக்கத்திலேயே நின்றாள். பிறகு வந்து உட்கார்ந்து ஸ்பூனை எடுத்தாள்.

"இப்பச் சரியாப்பா?"

அப்பா தலையாட்டினார். மூன்று பேருக்கும் வியர்த்துக் கொட்டியது. கஞ்சி தீரும்வரை யாரும் எழுந்துபோய் ஃபேனைப் போடவில்லை.